சர்க்கரை போடாத ரொட்டி எங்கே கிடைக்கும்?

தென்கொரியாவின் டேஜான் நகரத்துக்குப் படிக்க வருகிற நம் பிள்ளைகள் பலர், வந்து இறங்கின வாரமே யாரிடமாவது என் நம்பரை வாங்கி மெசேஜ் அனுப்பிவிடுவார்கள். பருப்பு, புளி, சாம்பார் பொடி பற்றி யாரும் கேட்பதில்லை. அதற்கெல்லாம் இந்திய மளிகை விற்கிற ஆன்லைன் கடைகள் இருக்கின்றன. ஆர்டர் போட்டால் ஓரிரு நாளில் துவரம்பருப்பு வாசலுக்கு வந்துவிடும். அவர்கள் கேட்பது வேறு. "அக்கா, சாதாரண ரொட்டி எங்க கிடைக்கும்?" "இனிப்பில்லாத தயிர் இருக்கா?" "நெய் காய்ச்சற மாதிரி வெண்ணெய் எதுக்கா?"

ரொட்டி, வெண்ணெய், சீஸ், ஓட்ஸ், ஜாம். நம் ஊரில் இவை தெருமுனை அண்ணாச்சி கடையிலேயே இருப்பவை. காய்ச்சல் வந்தால் ரொட்டியும் பாலும் கொடுத்துத்தான் நம்மை வளர்த்தார்கள். கொரியாவுக்கு வந்த பிறகுதான் இவை மேல்நாட்டுச் சாமான் என்கிற நினைப்பே வருகிறது. இங்கே சாப்பாடு என்றால் சோறு, சூப், கிம்ச்சி, நாலு பக்கத் தொட்டுக்கை. மற்றதெல்லாம் நொறுக்குத் தீனி, அல்லது தனி அலமாரியில் இருக்கிற இறக்குமதிச் சரக்கு. சைவம் சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆய்வகத்தில் ராத்திரி பத்து மணி வரை இருந்துவிட்டு வருகிறவன் சாம்பாரா வைப்பான்? ரொட்டியில் சீஸ் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பான். அந்த ரொட்டியும் சீஸும் சரியாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன், இனிமேல் கேட்கிறவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

இவ்வளவு வருஷம் இங்கே மளிகை வாங்கியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்று. இந்த நாட்டில் மேல்நாட்டுச் சாமான் எல்லாவற்றையும் ஒரே கடையில் தேடக் கூடாது. கோதுமை மாவு ஒரு வழியில் வந்தது, டின் உணவு ராணுவத்தின் பின்னால் வந்தது, சீஸ் ஒரு பாதிரியாரின் கையால் வந்தது, கறுப்பு ரொட்டி மத்திய ஆசியாவிலிருந்து திரும்பி வந்த மக்களோடு வந்தது. எது எந்த வழியாக வந்தது என்று தெரிந்துவிட்டால், எங்கே போய்த் தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு பெரிய மேல்நாட்டு சூப்பர் மார்க்கெட் ஏன் இல்லை என்று கேட்பவர்கள் உண்டு. இருந்தன. பிரான்ஸின் காரஃபோரும் அமெரிக்காவின் வால்மார்ட்டும் 1990களில் இங்கே கடை திறந்தன. இரண்டுமே 2006இல் விற்றுவிட்டுப் போய்விட்டன. வால்மார்ட்டின் கடைகள் இந்த ஊர்க் கம்பெனியான இ-மார்ட்டின் கைக்குப் போயின. ஹோம்பிளஸ் என்கிற மார்ட் மட்டும் இங்கிலாந்தின் டெஸ்கோவோடு 2015 வரை இருந்தது. அந்தக் காலத்தில் இங்கே இருந்த நம்மவர்கள் டெஸ்கோ பிஸ்கட்டையும் டீத்தூளையும் இன்றைக்கும் ஏக்கத்தோடு சொல்வார்கள். உள்ளூர்க்காரர்களுக்குச் சந்தையில் இருக்கிற மாதிரி பச்சை மீனும் கீரையும் கண்முன்னால் வேண்டும், பரண் மாதிரி உயரமாக அடுக்கின பெட்டிகள் வேண்டாம். அது சரிதான்.

முதலில் ரொட்டி. கொரிய ரொட்டி ஏன் இனிக்கிறது என்று புரிந்தால் கோபம் போய்விடும். கொரியப் போருக்குப் பிறகு, 1950களில், அமெரிக்க உதவியாக மூட்டை மூட்டையாகக் கோதுமை மாவு இந்த நாட்டுக்கு வந்தது. 1960களிலும் 70களிலும் அரிசியைக் குறைத்து மாவுப் பண்டம் சாப்பிடுங்கள் என்று அரசாங்கமே பிரசாரம் செய்தது. எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி, பள்ளிக்கூடத்தில் மத்தியானம் கொடுத்த மக்காச்சோள மாவு ரொட்டியைப் பற்றிச் சொல்லும்போது கையாலேயே அதன் அளவைக் காட்டுவார். தனக்குக் கிடைத்ததில் பாதியைத் தம்பிக்கு என்று துணியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டு போவாராம். மாவு வந்தாலும் சோறு தன் இடத்தை விடவில்லை. ரொட்டி தின்பண்டமாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தது. சிவப்புப் பயறு பூரணம் வைத்தது, கிரீம் வைத்தது, மேலே பொரபொரவென்று சர்க்கரைமாவு உதிர்த்தது என்று போயிற்று. சாதாரண வெள்ளை ரொட்டியிலும் அந்த இனிப்பு தங்கிவிட்டது. பூண்டு ரொட்டி என்று ஆசையாக வாங்கினால் அதிலும் சர்க்கரை இருக்கும்.

டேஜானில் இருந்துகொண்டு சொங்சிம்தாங் பேக்கரி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. போரில் வடக்கிலிருந்து தப்பி வந்த ஒரு குடும்பம், ஏறின ரயில் டேஜானில் பழுதாகி நின்றுவிட, இங்கேயே இறங்கியது. தேஹுங்-டோங் தேவாலயத்துப் பாதிரியார் அவர்களுக்கு இரண்டு மூட்டை மாவு கொடுத்தார். அதை வைத்து 1956இல் ரயில் நிலையத்துக்கு எதிரே ஆவியில் வேகவைத்த பூரண ரொட்டி விற்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு சியோலிலிருந்து அந்தக் கடைக்கென்றே ரயில் ஏறி வருகிறார்கள். டேஜானைத் தாண்டி வேறு ஊரில் கிளை திறக்கவில்லை. விற்று மீந்ததை ஏழைகளுக்குக் கொடுக்கிற வழக்கத்தையும் விடவில்லை. எல்லோரும் அங்கே எண்ணெயில் பொரித்த சொபோரோ ரொட்டிக்கு, அதுதான் மேலே சர்க்கரைமாவு உதிர்த்தது, வரிசையில் நிற்பார்கள். நீங்கள் அந்த வரிசையை விட்டுவிட்டு உள்ளே போய் பாகெட், கம்பான்யு என்று எழுதியிருக்கிற தட்டுகளைப் பாருங்கள். மாவு, உப்பு, ஈஸ்ட், தண்ணீர் போட்டுச் செய்கிற வகை அவைதான். எந்த ஊர் பேக்கரியிலும் இந்த இரண்டு பெயரைத்தான் தேட வேண்டும். முட்டை சேர்க்காதவர்களுக்கும் இவைதான் பெரும்பாலும் ஒத்துவரும். ஆனாலும் அலமாரியில் ஒட்டியிருக்கிற ஒவ்வாமைக் குறிப்பை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முட்டை, பால், சோயா என்று தனித்தனியாக எழுதியிருப்பார்கள். எழுதியிருக்காத கடையில் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

வெண்ணெய்க்கு வருகிறேன். போன குளிர்காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பெண், வெண்ணெயைக் காய்ச்சினேன், நெய் வரவில்லை அக்கா என்று ஒரு போட்டோ அனுப்பினாள். கிண்ணத்தில் மஞ்சளாக ஏதோ இருந்தது. நெய் வாசம் இல்லை, ஆறினால் மணல் மணலாக உறையவும் இல்லை, வனஸ்பதி போல வழவழவென்று கிடந்தது. பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு என்றேன். நினைத்த மாதிரியே இருந்தது. முன்பக்கம் பசு, புல்வெளி, பொன்னிற வெண்ணெய்க் கட்டி. பின்பக்கம் சின்ன எழுத்தில், உணவு வகை என்கிற கட்டத்தில், 'காகோங் பொதோ'. காகோங் என்றால் பதப்படுத்தியது. தாவர எண்ணெயையும் கலந்து செய்த வெண்ணெய் அது. விலை குறைவாக இருக்கும், ரொட்டியில் தடவ நன்றாகவே இருக்கும். நெய்யாக மட்டும் ஆகாது. அந்தக் கட்டத்தில் வெறும் 'பொதோ' என்று மட்டும் இருந்தால் அது சுத்தமான பால் வெண்ணெய். கூடவே 'முயோம்' என்று இருந்தால் உப்பில்லாதது, 'காயோம்' என்றால் உப்புப் போட்டது.

நான் நெய்க்கு வாங்குவது சியோல் பால் கூட்டுறவின் உப்பில்லாத வெண்ணெய், 450 கிராம் கட்டி. கனமான அடிப் பாத்திரத்தில் போட்டு மிதமான தீயில் வைத்தால் முதலில் சடசடவென்று சத்தம் வரும், பிறகு நுரை அடங்கும், அடியில் பழுப்பாகக் கசண்டு இறங்கும்போது ஒரு முருங்கைக்கீரைக் கொத்து போட வேண்டும் என்று கை துடிக்கும். முருங்கை கிடையாது. வெற்றிலையும் கிடையாது. அப்படியே இறக்கி வடிகட்டிவிடுகிறேன். வாசம் எங்கள் மாடிப்படி முழுக்க நிற்கும். நியூசிலாந்தின் ஆங்கர், பிரான்ஸின் பிரெசிடென்ட் இரண்டும் இப்போது சாதாரண மார்ட்டிலேயே இருக்கின்றன. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் இவ்வளவு சுலபம் இல்லை. இறக்குமதி வெண்ணெய்க்கு அடிப்படை வரி 89 சதவீதம், சீஸுக்கு 36 சதவீதம். 2011இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடும் 2012இல் அமெரிக்காவோடும் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தங்களுக்குப் பிறகுதான் அந்த வரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய ஆரம்பித்தது. இன்றைக்கு இ-மார்ட் அலமாரியில் நிற்கிற கூடா சீஸுக்கும் பிரீ சீஸுக்கும் பின்னால் அந்தக் காகிதங்கள் இருக்கின்றன.

சீஸிலும் அதே கட்டத்தைத்தான் படிக்க வேண்டும். 'காகோங் சீஸ்' என்றால் தாள் தாளாகச் சுற்றி வருகிற பதப்படுத்தின சீஸ். 'சாயோன் சீஸ்' என்றால் இயற்கையானது. பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இம்சில் சீஸ்.

இம்சில் டேஜானுக்குத் தெற்கே, வட ஜொல்லா மாகாணத்தில் இருக்கிற மலைப்பாங்கான சின்ன ஊர். பெல்ஜியத்திலிருந்து 1959இல் கொரியாவுக்கு வந்த ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் 1964இல் அந்த ஊருக்குப் பொறுப்பேற்றுப் போனார். கொரியர்கள் அவரை ஜி ஜோங்-ஹ்வான் என்று அறிவார்கள். விளைநிலம் குறைவு, புல் நிறைய, ஜனங்கள் பரம ஏழைகள். ஆடு வளர்க்கலாம் என்று தொடங்கினார். ஆட்டுப்பால் விற்கவில்லை, மீந்தது. மீந்த பாலை என்ன செய்வது? சீஸ் ஆக்கலாம் என்று இறங்கினார். அந்த ஊரில் ஒருத்தரும் சீஸ் தின்றதில்லை. அவருக்கும் செய்யத் தெரியாது. திரும்பத் திரும்பக் கெட்டுப்போயிற்று. ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போய், சீஸ் செய்கிறவர்களிடம் கற்றுக்கொண்டு வந்தார். 1967இல் இம்சிலில் சீஸ் ஆலை எழுந்தது. கொரியாவின் முதல் சீஸ் ஆலை அதுதான். பிற்பாடு அதை ஊர் மக்களின் கூட்டுறவிடமே ஒப்படைத்துவிட்டு, உடல் ஊனமுற்றவர்களோடு வாழப் போய்விட்டார். 2016இல் கொரியக் குடியுரிமை கொடுத்தார்கள். 2019இல் காலமானார். இம்சிலில் அவர் கதையைக் கேட்டபோது நான் அழுதுவிட்டேன். தன் ஊர்ச் சாப்பாட்டை இறக்குமதி செய்து தின்றிருக்கலாம் அவர். ஊருக்கே ஒரு பிழைப்பாக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த ஊர்ச் சீஸில் நமக்கென்றே செய்த மாதிரி ஒன்று உண்டு. 'குவோமொங்னுன் சீஸ்' என்று பேர், சுட்டுத் தின்கிற சீஸ். வெள்ளையாக, சோப்புக் கட்டி அளவில், காற்றுப்புகாத உறையில் வரும். சூட்டில் உருகாது. கத்தியால் துண்டு போட்டு, தோசைக்கல்லில் துளி எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க விட்டால் ஓரம் மொறுமொறுவென்று ஆகும். கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் கேட்கும். அதை அப்படியே கீரை மசியலிலோ பட்டாணிக் குழம்பிலோ போட்டுவிடுங்கள். பன்னீரை விட நன்றாக இருக்கிறது என்பது என் வீட்டுக்காரரின் தீர்ப்பு. உப்பு அதிலேயே இருக்கும், குழம்புக்குக் குறைத்துப் போட வேண்டும். எங்கள் குடியிருப்புக்குக் கீழே இருக்கிற நோங்யோப் என்கிற விவசாயிகள் கூட்டுறவின் ஹனாரோ மார்ட்டில் இது கிடைக்கிறது.

வீட்டிலேயே பன்னீர் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே பெரும்பாலான பால் 130 டிகிரிக்கு மேல் நொடி நேரம் சூடாக்கினது. அதில் பன்னீர் திரளும், ஆனால் பொலபொலவென்று உதிரும். 63 டிகிரியில் 30 நிமிஷம் வைத்த பால் என்று தனியாக விற்கிறார்கள். பாக்கெட்டிலேயே அந்த 63 எண் போட்டிருக்கும். விலை கொஞ்சம் கூட. பன்னீர் கெட்டியாக வரும்.

இனி தயிர். இதில்தான் புதிதாக வருகிறவர்கள் ரொம்பவே சோர்ந்து போகிறார்கள். எங்கள் அத்தை கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது, ராத்திரி கடைசியாக ஒரு வாய் மோர் சாதம் இல்லாமல் அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. கடையில் பிளெயின் என்று போட்ட தயிரிலேயே சர்க்கரை இருக்கும். பார்க்க வேண்டிய சொல் 'முகாடாங்', சர்க்கரை சேர்க்காதது. மெயில் என்கிற பால் கம்பெனியின் பயோ தயிரில் அந்தச் சொல் போட்ட பெரிய டப்பா எல்லா மார்ட்டிலும் இருக்கிறது. கிரேக்கத் தயிர் என்று கெட்டியாக வருவது இப்போது இங்கே பெரிய மோகம். அது மோருக்கு ஆகாது, வெள்ளரிக்காய்ப் பச்சடிக்கு ஆகும். நான் அந்தப் பெரிய டப்பாவில் முதல் ஸ்பூனை உறைக்கு எடுத்துவைத்துவிடுவேன். பால் காய்ச்சி ஆறவைத்து உறை குத்தி, எவர்சில்வர் பாத்திரத்தை ஒரு துண்டில் சுற்றி, குளிர்காலத்தில் தரையிலேயே வைத்துவிட வேண்டியதுதான். கொரிய வீடுகளில் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, ஒந்தோல் என்பார்கள். வெளியே ஆற்றுத் தண்ணீர் உறைகிற இரவில், உள்ளே தரையில் தயிர் கெட்டியாக உறைந்திருக்கும். நம் ஊர் மார்கழியில் கூட இவ்வளவு நன்றாக உறையாது. அத்தை காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தத் துண்டைப் பிரித்துப் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பார்.

டின் உணவு, ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய், கொண்டைக்கடலை டப்பா, தக்காளி டப்பா இவையெல்லாம் இன்னொரு பாதையில் வந்தவை. சியோலில் யோங்சான் என்கிற இடத்தில், ஊருக்கு நடுவிலேயே, 1945லிருந்து அமெரிக்க ராணுவ முகாம் இருந்தது. முகாம் கேன்டீனிலிருந்து சாமான் பின்வாசல் வழியாகக் கசிந்து நம்தேமுன் சந்தைக்கும், மற்ற ஊர்ச் சந்தைகளுக்கும் போயிற்று. முகாமை ஒட்டின இதேவோன் தெரு வெளிநாட்டவர் தெருவாக மாறிவிட்டது. 2018இல் அமெரிக்கப் படையின் தலைமையகம் தெற்கே பியோங்டேக்குக்குப் போய்விட்டது, கடைகள் மட்டும் போகாமல் அங்கேயே தங்கிவிட்டன. டேஜானிலிருந்து கேடிஎக்ஸ் ரயிலில் சியோல் நிலையம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து 4ஆம் தடத்தில் சம்காக்ஜி, மாறி 6ஆம் தடத்தில் இதேவோன். 1976இல் திறந்த பெரிய மசூதியைப் பார்த்து மேட்டில் ஏறினால் இரண்டு பக்கமும் மளிகைக் கடைகள்தான். ஓட்ஸும் செடார் சீஸும் இருக்கிற அதே அலமாரிக்கு அடுத்து பாஸ்மதி அரிசி, பேரீச்சம்பழம், அப்பளம். நைஜீரியாக்காரரும் பாகிஸ்தான்காரரும் அமெரிக்க ஆசிரியரும் ஒரே வரிசையில் கூடையோடு நிற்பார்கள். நாங்கள் ஊரிலிருந்து யாராவது வந்தால் விமான நிலையத்துக்குப் போகிற வழியில் அங்கே ஒரு நடை போய்விடுவோம். எல்லாமே கூபாங் என்கிற ஆன்லைன் கடையிலிருந்து வீட்டுக்கு வருகிற காலத்தில் இது எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். அலமாரியில் இருப்பதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, இது என்ன என்று கடைக்காரரிடம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கேட்டு வாங்குகிற நிம்மதி ஒன்று உண்டு. இங்கே வந்த முதல் வருஷத்தில் அந்த நிம்மதி எனக்கு ரொம்பத் தேவையாக இருந்தது.

கூபாங் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி ஆர்டர் போட்டால் விடிகாலையில் கதவுக்கு வெளியே இருக்கும், உண்மைதான். மார்க்கெட் குர்லி என்கிற இன்னொரு ஆன்லைன் கடையும் அப்படியே; நல்ல சீஸ், நல்ல ரொட்டிக்கு அது இன்னும் மேல். ஆனால் உங்கள் வெளிநாட்டவர் அட்டை வந்து, அதை வைத்து போன், பேங்க் கணக்கு எல்லாம் உங்கள் பெயருக்கு வந்த பிறகுதான் இவையெல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். அதற்குச் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் மார்ட்தான், ரொக்கம்தான், இல்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள், நான் போட்டுத் தருகிறேன். மாதத்தில் இரண்டு நாள் பெரிய மார்ட்டுகள் சட்டப்படி அடைத்திருக்கும், சின்னக் கடைக்காரர்களும் பிழைக்க வேண்டும் என்று 2012இல் கொண்டுவந்த ஏற்பாடு. டேஜானில் இரண்டாவது, நாலாவது ஞாயிறு.

காஸ்ட்கோவும் டேஜானில் இருக்கிறது, ஓரியு-டோங்கில். பெரிய பொட்டலங்கள், தனி ஆளுக்கு ஆகாது. நாலு பிள்ளைகள் சேர்ந்து போனால் ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், பாதாம், மொசரெல்லா எல்லாம் பங்கு போட்டுக்கொள்ளலாம். அங்கே கிரெடிட் கார்டு ஒரே ஒரு கம்பெனியுடையதுதான் வாங்குவார்கள். 2019லிருந்து அது ஹூண்டாய் கார்டு. கையில் பணம் எடுத்துக்கொண்டு போங்கள்.

கறுப்பு ரொட்டி பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை, நானாகத்தான் சொல்கிறேன். 1937இல் ஸ்டாலின், ரஷ்யாவின் கிழக்கோரத்தில் வாழ்ந்த கொரியர்களை மொத்தமாக ரயிலில் ஏற்றி உஸ்பெகிஸ்தானுக்கும் கஜகஸ்தானுக்கும் அனுப்பிவிட்டார். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது வேலைக்காகக் கொரியாவுக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். முகம் கொரிய முகம், பேச்சு ரஷ்யன். அவர்கள் குடியிருக்கிற இடத்தில் எல்லாம் ஒரு மளிகைக் கடையும் ஒரு ரொட்டிக் கடையும் இருக்கும். எங்களுக்குப் பக்கத்தில் சோங்ஜு ஊரில் அப்படி ஒரு தெரு இருக்கிறது. சியோலில் டோங்தேமுன் பக்கம் குவாங்ஹி-டோங்கில், ஆன்சானில், குவாங்ஜுவில் எல்லாம் உண்டு. அங்கே வாங்குகிற ரை ரொட்டியில் ஒரு சிட்டிகை இனிப்பு கிடையாது. புளிப்பும் கனமும் இருக்கும். ஒரு துண்டில் உப்பில்லாத வெண்ணெய் தடவி, மேலே எலுமிச்சை ஊறுகாயில் ஒரு சொட்டு வைத்தால் அதற்கு மேல் காலையில் எதுவும் வேண்டாம். புளித்த கிரீம், கெஃபிர் என்கிற மோர் மாதிரியான பால், பன்னீரை உதிர்த்தது போல இருக்கிற திவாரக் எல்லாம் அங்கே சாதாரண விலைக்குக் கிடைக்கும். கெஃபிரில் கடுகு, பெருங்காயம் தாளித்தால் நல்ல நீர்மோர். கடை நடத்துகிற அம்மாவுக்கு என்னைவிடக் கொரிய மொழி கொஞ்சம்தான் கூடத் தெரியும். இரண்டு பேருமே கையைக் காட்டித்தான் வியாபாரம் பேசுவோம், ஆனால் எனக்கென்று வெள்ளிக்கிழமை ஒரு ரொட்டி எடுத்து வைத்துவிடுவார்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பதற்கு ஒரு சுங்க எண் வேண்டும். பி என்கிற எழுத்தும் பின்னால் பன்னிரண்டு இலக்கமும். சுங்கத் துறையின் இணையதளத்திலேயே காசில்லாமல் கொடுக்கிறார்கள். ஐஹெர்ப் மாதிரி வெளிநாட்டு ஆன்லைன் கடைகளில் வனிலா சாறு, பேக்கிங் பவுடர், ஓட்ஸ் வாங்குகிறவர்கள் 150 டாலருக்குள் நிறுத்திக்கொண்டால் வரி இல்லை.

ஊரிலிருந்து கிளம்புகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. இதை அம்மா அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள், பெட்டி கட்டுவது அவர்கள்தானே. கசகசா கொண்டுவரக் கூடாது. கொரியாவில் அபினிச் செடியின் விதை என்று அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் ரொட்டியின் மேல் தூவுகிற ஒரு மசாலா டப்பாவை ஆசையாக வாங்கி வருவார்கள். அதில் கசகசா இருப்பதால் விமான நிலையத்திலேயே பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள், செய்தித்தாளிலேயே வந்தது. குருமா மசாலாப் பொடி வீட்டில் அரைத்தது என்றால் அதில் கசகசா சேர்த்தார்களா என்று கேட்டுவிட்டு வாங்கி வாருங்கள். குருமாவுக்கு முந்திரியும் தேங்காயும் அரைத்து விட்டாலே போதும், நன்றாகக் கெட்டிப்படும். முந்திரி காஸ்ட்கோவில் பெரிய டப்பாவாகவே கிடைக்கிறது.